வெனிஸ் கால்வாயைக் காட்டும் பழைய நீர்வண்ண ஓவியம் ஒன்று கைக்கு வந்தால் எப்படிப் பார்ப்பது?

ஹெர்குலிஸ் பிரபசன் என்ற ஆங்கிலேய ஓவியருக்குப் படம் விற்றுப் பிழைக்க வேண்டிய தேவையே இருந்ததில்லை. 1847-ல் அயர்லாந்தில் குடும்பச் சொத்து கைக்கு வந்தது. அப்புறம் ஊர் ஊராகப் போய் வரைவதே வாழ்க்கை. வெனிஸ் கால்வாய்களையும் நிறைய வரைந்தார். முதல் தனிக் கண்காட்சி 1892-ல்தான், எழுபது வயதைத் தாண்டிய பிறகு. இப்படி ஆசைக்கு நீர்வண்ணம் தீட்டிய சீமான்களும் சீமாட்டிகளும் அன்றைய இங்கிலாந்தில் ஏராளம். பலர் படத்தில் பெயரே போடவில்லை. பிரபசன் முதலெழுத்துகள் மூன்றை மட்டும் போடுவார். அதனால் கையெழுத்தைத் தேடி ஆரம்பிக்காதீர்கள்.

முதலில், 10 மடங்கு லென்ஸ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளிகள் வரிசை பிசகாமல் தெரிந்தால் அது அச்சுப்படம். தெரியாவிட்டால், கொண்டோலா படகின் நிழல் தண்ணீரில் முடியும் இடத்துக்கு லென்ஸைக் கொண்டுபோங்கள். ஈர வண்ணம் காயும்போது நிறத்துகள் ஓரத்துக்கு ஒதுங்கும். காபி டம்ளர் மேஜையில் விட்ட வட்டம் போல, நடு வெளிறி ஓரம் மட்டும் கருத்திருக்கும். அதன் அடியில் மெல்லிய பென்சில் கோடும் தெரிந்தால், கையால் வரைந்தது என்று நம்பலாம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். வரைந்தவரின் கை எங்கே நின்றது என்பதுகூடத் தெரிந்துவிடும்.

அடுத்து, சட்டத்தைக் கவிழ்த்து, பின்னட்டையை மெதுவாகக் கழற்றுங்கள். தாள் அட்டையோடு ஒட்டியிருந்தால் இழுக்கவே கூடாது. தனியாக வந்தால் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வாட்மன் என்ற பழைய ஆங்கிலேயத் தயாரிப்புத் தாளாக இருந்தால், வெளிச்சத்தில் தாளுக்குள் தெரியும் வாட்டர்மார்க் குறியில் பெயரும் பல சமயம் வருடமும் இருக்கும். அது தாள் செய்த வருடம். படம் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது, எவ்வளவு பிந்தையதாகவும் இருக்கலாம். புற ஊதா விளக்கில் தாள் பளிச்சென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால், பெரும்பாலும் 1950-க்குப் பிந்திய தாள்.

பிறகு காட்சி. வெனிஸின் பெரிய மணிக்கோபுரம் 1902 ஜூலையில் இடிந்து விழுந்தது, 1912-ல்தான் மறுபடி எழுந்தது. பெருங்கால்வாயில் நீராவிப் படகுகள் 1881-ல் வந்தன. இவை காலத்தைக் குறுக்க உதவும். ஆனால் பொழுதுபோக்கு ஓவியர்கள் பழைய படங்களைப் பார்த்தும் வரைவார்கள். காட்சியை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

வானம் இளஞ்சிவப்பாக இருக்கிறதா? அந்திவானம் என்று நினைத்துவிட வேண்டாம். அவுரி நீலம் வெயிலில் வெளுத்து, அதோடு கலந்த சிவப்பு மட்டும் மிஞ்சியிருக்கலாம். படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டை மறைத்திருந்த ஓரத்தைப் பாருங்கள்: பழைய நீலம் அங்கே ஒரு விரற்கடை அகலத்துக்கு அப்படியே இருக்கும்.

சரி, மாட்டுவது எங்கே? வெயில் படாத சுவரில், 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு மங்கலான வெளிச்சத்தில். கண்ணாடி தாளைத் தொடக்கூடாது, மவுண்ட் அட்டை அமிலமற்றதாக இருக்க வேண்டும். பழுப்புப் புள்ளிகள் இருந்தால் ஈரத்துணியால் துடைக்காமல், காகிதப் பாதுகாப்பு தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.