எம்.எம்.ஏ. வீரரின் ரெக்கார்டைப் படிப்பது எப்படி? சேலத்துப் புதியவர்களுக்கு

சேலத்தில் எம்.எம்.ஏ. (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டை விளையாட்டு) கற்றுக்கொள்ள வரும் பையன்கள் பெரும்பாலும் ஒரு வீரரின் பெயரோடுதான் வருகிறார்கள். "மாஸ்டர், கபீப் 29-0. ஒரு தோல்விகூடக் கிடையாது!" ரஷ்ய வீரர் கபீப் நூர்மகமெதோவைத்தான் சொல்கிறார்கள். சரி, அந்த 29 பேரை எப்படி ஜெயித்தார் என்று கேட்டால் பதில் வராது. அதற்கான பதில் முழுக்க அந்த எண்ணுக்குக் கீழே உள்ள அட்டவணையில் இருக்கிறது. ஷெர்டாக், டேப்பாலஜி தளங்களில் வீரரின் பெயரைத் தேடினால் இலவசமாகவே பார்க்கலாம். ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

1. எண்களைப் பிரியுங்கள்

முதல் எண் வெற்றி, இரண்டாவது தோல்வி, மூன்றாவது டிரா. டிரா இல்லையென்றால் பெரும்பாலும் அந்த இடத்தையே விட்டுவிடுவார்கள். அமெச்சூர் சண்டைகள் இந்தக் கணக்கில் சேராது, அவை தனிப் பட்டியல்.

2. கீழிருந்து மேலே வாருங்கள்

அட்டவணையில் கடைசிச் சண்டைதான் மேலே இருக்கும். நீங்கள் முதல் சண்டையிலிருந்து தொடங்குங்கள். கபீப் 2012 ஜனவரியில், எம்.எம்.ஏ.வின் மிகப் பெரிய போட்டி அமைப்பான யுஎஃப்சிக்குள் வந்தபோதே 16-0. அங்கே ஜெயித்தவை 13. இந்த இரண்டுக்கும் நடுவே நோட்டில் ஒரு கோடு போட்டுக்கொண்டால்தான் அவர் எங்கே வளர்ந்தார், எங்கே நின்றார் என்பது தெரியும்.

3. எப்படி முடிந்தது?

இந்த நெடுவரிசைக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். கபீபின் 29 வெற்றிகளில் நாக்அவுட், டி.கே.ஓ. சேர்த்து 8. சப்மிஷன் 11. டிசிஷன் 10. இதைப் பார்த்தாலே அவர் ஆளைத் தரையில் போட்டு அமுக்குகிறவர் என்று புரிந்துவிடுகிறது. ஒரு சண்டையும் பார்க்காமலே இவ்வளவு சொல்ல முடிகிறது பாருங்கள்.

டி.கே.ஓ. என்றால் எதிராளி சுதாரித்துத் தற்காத்துக்கொள்ள முடியவில்லை என்று ரெஃப்ரியோ, காயம் பார்த்து டாக்டரோ நிறுத்தியது. சப்மிஷன் என்றால் கழுத்தையோ மூட்டையோ பூட்டி, எதிராளி கையால் தட்டிப் பணிந்தது. தட்டாமல் மயங்கினாலும் சப்மிஷன்தான்.

டிசிஷன் என்றால் கடைசிச் சுற்று வரை நடந்து, ஜட்ஜுகள் மதிப்பெண் போட்டு முடிவு சொன்னது. அப்படி இருந்தால் அங்கே நின்று விடாதீர்கள், எந்த வகை டிசிஷன் என்று பாருங்கள். மூன்று ஜட்ஜுகளும் ஒருவருக்கே கொடுத்தால் யுனானிமஸ். இரண்டு பேர் ஒருவருக்கும், ஒருவர் மற்றவருக்கும் கொடுத்தால் ஸ்ப்ளிட். இரண்டு பேர் ஒருவருக்குக் கொடுத்து, மூன்றாமவர் சமம் என்றால் மெஜாரிட்டி. உத்தரப் பிரதேசத்தின் பூஜா தோமர் 2024 ஜூனில் ராயேன் டோஸ் சான்டோஸை ஸ்ப்ளிட் டிசிஷனில் வென்று, யுஎஃப்சியில் ஜெயித்த முதல் இந்தியப் பெண் ஆனார். ஜட்ஜுகளின் மதிப்பெண்கள் 30-27, 27-30, 30-27. மூன்று சுற்றும் பூஜாவுக்கே என்று இருவர் போட, மூன்று சுற்றும் எதிராளிக்கே என்று ஒருவர் போட்டிருக்கிறார்! இப்படி ஒரு வரியைப் பார்த்தால் அந்தச் சண்டையைத் தேடிப்பிடித்து, ஒலியை நிறுத்திவிட்டு நீங்களே மதிப்பெண் போடுங்கள். ஜெயித்தவருக்குச் சுற்றுக்கு 10, தோற்றவருக்கு 9 அல்லது அதற்கும் கீழே. ஜட்ஜுகள் எதைப் பார்க்கிறார்கள் என்பதைக் கற்க இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

4. சுற்று, நேரம்

ஒரு சுற்று 5 நிமிடம். சாதாரணச் சண்டை 3 சுற்று, பட்டத்துக்கானது 5. 2018 அக்டோபரில் கபீப் அயர்லாந்து வீரர் கோனர் மெக்ரிகரைப் பணிய வைத்த வரியில் 4ஆவது சுற்று, 3:03 என்று இருக்கும். அதாவது 18 நிமிடம் 3 நொடி. அதே மெக்ரிகர் 2015இல் ஜோசே ஆல்டோவை வீழ்த்தியது 13 நொடியில்.

5. எதிராளி யார்?

அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் ஓடிவிட்டு வந்த பையன் பத்துப் பேரை முந்தினேன் என்றால், அந்தப் பத்துப் பேர் யார் என்றுதானே கேட்போம்? இதுவும் அப்படித்தான். ஒவ்வொரு எதிராளியின் பெயரையும் திறந்து, சண்டை நடந்த அன்று அவர் ரெக்கார்டு என்ன என்று பக்கத்தில் எழுதுங்கள். ஒரு வெற்றிகூட இல்லாதவர்களையே வரிசையாக ஜெயித்த 8-0வைவிட, நல்ல ஆட்களோடு மோதிய 8-3 எனக்குப் பெரிது. ஃபிளெக்ஸ் பேனரில் "தோல்வியே காணாத வீரர்" என்று போட்டிருந்தால், பிள்ளையைச் சேர்க்கும் முன் பெற்றோர் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

6. விநோதமான வரிகள்

அமெரிக்க வீரர் ஜோன் ஜோன்ஸின் பட்டியலில் 2009 டிசம்பரில் மேட் ஹேமிலிடம் ஒரு தோல்வி இருக்கும். நன்றாக அடித்துக்கொண்டிருந்தவர், முழங்கையை மேலிருந்து செங்குத்தாக இறக்கியதால் தகுதி இழந்தார். 2024 நவம்பரில் அந்தத் தடையே எம்.எம்.ஏ.வுக்கான பொது விதிகளான ஒருங்கிணைந்த விதிகளிலிருந்து நீக்கப்பட்டது, ஆனாலும் தோல்வி அப்படியே நிற்கிறது. 2017 ஜூலையில் டேனியல் கோர்மியரை ஜோன்ஸ் வீழ்த்திய சண்டையோ, ஜோன்ஸ் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கிய பிறகு நோ கான்டெஸ்ட் ஆனது. அது வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. அதனால் முடிவுக்குப் பக்கத்தில் இருக்கும் குறிப்பைத் தாண்டிப் போகாதீர்கள்.

7. உங்கள் ரெக்கார்டு

அப்புறம், முதல் அமெச்சூர் சண்டையிலிருந்தே உங்களுடையதை எழுதத் தொடங்குங்கள். தேதி, ஊர், எதிராளி, எடைப் பிரிவு, முடிவு, முடிந்த விதம், சுற்று, நேரம். தோற்றதையும் அதே பேனாவில், அதே அளவு விவரத்தோடு எழுதுங்கள். பெரிய போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போது, யாரோடு யாரை மோதவிடலாம் என்று முடிவு செய்கிறவர்களுக்கு அந்தப் பக்கம்தான் தேவைப்படும். விவரம் சரியாக இருந்தால் உங்கள் அளவுக்குப் பொருந்தாத ஆளோடு மோதி அடிபட வேண்டியிருக்காது.