தள்ளி இழுத்த சுவரின் வரைபடத்தைப் படிப்பது எப்படி?

எஃகுத் தகடும் நார் கலந்த கான்கிரீட்டும் சேர்ந்த ஷியர் வால் (கட்டடத்தைப் பக்கவாட்டில் தள்ளும் விசையைத் தாங்கும் சுவர்) நிலநடுக்கத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்று பார்க்க, ஆய்வுக்கூடத்தில் அதன் அடியை இறுக்கிவிட்டு உச்சியை ஜாக்கால் முன்னும் பின்னும் தள்ளி இழுப்பார்கள். தூரம் படிப்படியாகக் கூடும். நமக்குக் கிடைப்பது இரண்டு பத்தி எண்கள்: விசை, நகர்வு.

படி 1: அடி நழுவியதைக் கழியுங்கள். உச்சி 30 மி.மீ. நகர்ந்தது, அடித்தளமே 3 மி.மீ. நழுவியது என்றால் சுவரின் கணக்கு 27 மி.மீ.தான். முதல் தடவை நான் இதை மறந்துவிட்டு, சுவர் அபாரமாக வளைகிறது என்று மகிழ்ந்துபோனேன்!

படி 2: உயரத்தால் வகுங்கள். சுவர் 3000 மி.மீ. என்றால் 27/3000, அதாவது 0.9 சதவீதம். உயரத்தோடு ஒப்பிட்ட இந்த நகர்வுக்குத்தான் டிரிஃப்ட் என்று பெயர்.

படி 3: எக்செல்லில் நகர்வைக் கிடையாகவும் விசையை நெடுக்காகவும் வரையுங்கள். வளையங்கள் தெரியும். உச்ச விசையை அப்புறம் பார்க்கலாம், முதலில் வடிவத்தைப் பாருங்கள். வளையம் நடுவில் உப்பலாக இருந்தால் சுவர் ஆற்றலை நன்றாக விழுங்குகிறது. இடுப்பு சிறுத்திருந்தால், தள்ளும்போது திறந்த விரிசல் மூடும்வரை சுவர் பெரிதாக எதிர்ப்புக் காட்டவில்லை என்று பொருள். தகடு புடைத்து மறுபடி நிமிர்ந்தாலும் இப்படித்தான் ஆகும். நாரின் வேலை இங்கேதான். விரிசலின் இரு பக்கத்தையும் அது தைத்துப் பிடிப்பதால் கான்கிரீட் பொரிந்து உதிர்வது தள்ளிப்போகிறது. பின்னால் கான்கிரீட் இருக்கும்வரை தகடு உள்பக்கம் புடைக்க முடியாது. வெளிப்பக்கம் புடைக்காமல் ஸ்டட்டுகள் (தகட்டில் பற்றவைத்த ஆணிகள்) இழுத்துப் பிடிக்கும், ஆனால் அவை ஊன்றிய கான்கிரீட் நொறுங்கினால் அந்தப் பிடியும் போச்சு. (எஃகு நார் கன அளவில் 1 சதவீதம் என்றால் கன மீட்டருக்கு 78.5 கிலோ. கேட்கச் சின்ன எண், கலக்கும்போது தெரியும்!)

படி 4: வளையங்களின் உச்சிகளை இணைத்து வெளிக்கோடு வரையுங்கள். உச்ச விசை 800 கிலோநியூட்டன் என்றால், அது இறங்கி 680-க்கு, அதாவது 85 சதவீதத்துக்கு, வரும் இடத்தை முறிவு நகர்வாக எடுப்பது வழக்கம். அது 45 மி.மீ., எஃகு நிரந்தரமாக நீளத் தொடங்கியது 9 மி.மீ. என்றால் டக்டிலிட்டி, அதாவது முறியாமல் நெளியும் திறன், 45/9 = 5.

படி 5: ஒரு வளையத்தின் பரப்பை, 2π × அந்த வளையத்தின் உச்ச விசை × உச்ச நகர்வு என்பதால் வகுத்தால் தணிப்பு விகிதம் வரும், அதாவது சுவர் ஆட்டத்தை எவ்வளவு அடக்குகிறது என்ற அளவு. பரப்பு 24 கிலோஜூல், விசை 800 கிலோநியூட்டன், நகர்வு 0.027 மீட்டர் என்றால் சுமார் 18 சதவீதம். ஒரே டிரிஃப்ட்டின் முதல் சுற்றுக்கும் இரண்டாம் சுற்றுக்கும் தனித்தனியே போடுங்கள். இரண்டாவது சட்டென்று மெலிந்தால், அந்தச் சுற்றின் புகைப்படங்களை எடுத்து, சுவரின் அடி மூலையில் தகடு புடைத்திருக்கிறதா என்று தேடுங்கள்.