ஓட வைத்தால் மட்டும் போதாது: விண்டேஜ் கார் கிளப்பில் சேரும் மெக்கானிக் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பட்டாளத்தில் வண்டிகளைப் பழுதுபார்க்கும் இ.எம்.இ. பிரிவில் ஸ்பேனர் பிடித்தேன். ஊர் திரும்பி சேலத்தில் பட்டறை நடத்தினேன். அதையும் மகனிடம் விட்ட பிறகுதான் விண்டேஜ் கார் கிளப்பில் சேர்ந்தேன். நம் போன்றவர்கள் அங்கே செய்யும் தவறெல்லாம் பழகிய கையால் வருகிறது.

பட்டாளத்தில் சக்திமான் லாரி வழியில் நின்றால், கையில் கிடைத்ததைப் போட்டு நகர்த்தியாக வேண்டும். பட்டறையிலும் வண்டிக்காரர் சாயங்காலத்துக்குள் வேண்டும் என்பார். அதே அவசரத்தோடு பழைய காரைத் தொடக் கூடாது. கிளப்பில் ஒருவருடைய பியட் 1100-இல் கார்புரேட்டர் மக்கர் செய்தது. வேறு வண்டியுடையதை அரை நாளில் மாட்டிக் கொடுத்தேன். வண்டி ஜோராக ஓடியது. கழற்றியதைப் பழைய இரும்போடு போட்டுவிட்டேன். அது அவர் அப்பா வாங்கிய கார். "ஐயா, பழசு எங்கே?" என்று அவர் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. அதே மாதிரி இன்னொன்று தேடிப் பிடிக்கப் பல மாதம் ஆனது.

கழற்றும் முன் போட்டோ எடுங்கள். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் பையில் போட்டு, எந்த இடத்தது என்று சீட்டு எழுதி வையுங்கள். தேய்ந்த பாகம்கூட, புதிதாகக் கடைந்து வாங்க அளவு காட்டும்.

இதைவிடப் பெரிய தவறு எஞ்சினையே மாற்றுவது. அம்பாசிடரின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சின் ஏற்றுவது நம் பட்டறைகளில் சகஜமாக இருந்தது. 2021-இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிதான் விண்டேஜ். அதன் சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பதிவு 10 ஆண்டு செல்லும். அப்படிப் பதிந்ததை அன்றாட வேலைக்கு ஓட்ட முடியாது. ஆகவே எஞ்சினில் கை வைக்கும் முன் ஆர்.சி. புக்கையும் சேஸிஸ் நம்பரையும் பாருங்கள்.

ஒயரிங்கில் ஒரு எச்சரிக்கை. பழைய இங்கிலீஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியோடு சேரும். பழக்கத்தில் மைனஸை எர்த் கொடுத்து மாட்டாதீர்கள். இன்னொன்று, இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. பழைய ரப்பர் ஹோஸ், பம்ப் டயாபிரம் எல்லாம் அதில் கெட்டுப்போகும். எத்தனால் தாங்கும் ரப்பராகக் கேட்டு வாங்கி மாற்றுங்கள்.

அப்புறம் ஏற்காடு. கிளப் என்று சேர்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டி மலை ஏறாமல் இருக்க மாட்டார்கள். 20 கொண்டை ஊசி வளைவு, மேலே சுமார் 1,500 மீட்டர் உயரம். ஏறும்போது ரேடியேட்டர் கொதித்தால் ஓரங்கட்டிக் காத்திருங்கள். சூட்டோடு மூடியைத் திறக்காதீர்கள்.

எனக்குப் பயம் இறக்கத்தில்தான். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்கும் பழக்கம் நம் பழைய டிரைவர்களுக்கு உண்டு. அந்தக் காலத்து கார்களில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். விடாமல் மிதித்தால் டிரம் சூடேறி, லைனிங் பிடிப்பை இழக்கும். பிரேக் ஆயில் வேறு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியதும் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி சேர்ந்து பெடல் தரை வரை போய்விடும். ஷெட்டில் நின்ற காரை ஆயில் மாற்றாமல் மலைக்குக் கொண்டுபோகவே கூடாது. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். லைனிங் கருகிய வாடை வந்தால் நின்று ஆற விடுங்கள். டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும்.

கூலி விஷயத்தை முதல் நாளே பேசிவிடுங்கள். எதைச் சிநேகத்துக்குச் செய்வீர்கள், எதற்குக் காசு என்று சொல்லிவிட்டால் மனக்கசப்பு வராது.

கடைசியாக ஒன்று, நான் மெதுவாகத்தான் கற்றுக்கொண்டேன். இளைஞர்கள் தடுமாறும்போது ஸ்பேனரைப் பிடுங்கி நாமே முடித்துவிடுகிறோம். போன மாதம் ஒரு தம்பி தன் அம்பாசிடருக்கு பாயிண்ட் கேப், அதாவது டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட்டின் இரு முனைகளுக்கு நடுவிலான இடைவெளி, வைத்துக்கொண்டிருந்தார். அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு. எனக்கு ஐந்து நிமிட வேலை. "ஐயா, நீங்களே வெச்சுடுங்களேன்" என்றார். இடைவெளியை அளக்கும் தகடான ஃபீலர் கேஜை அவர் கையிலேயே விட்டுவிட்டு ஸ்டூலைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் ஆனது. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது.