ஒரு பூட்டிய அறை, நான்கு படங்கள்: ஜானரையும் ஆட்டர் கோட்பாட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி

ஒரே ஒரு படத்தை எடுத்துவைத்து ஜானர் கோட்பாடு (படத்தை அதன் வகையை வைத்து வாசிப்பது) பொருந்துகிறதா, ஆட்டர் கோட்பாடு (இயக்குநரைப் படைப்பாளியாக வைத்து வாசிப்பது) பொருந்துகிறதா என்று கேட்டால் இரண்டும் பொருந்தும். விஷுவல் கம்யூனிகேஷன் மாணவர்கள் எழுதும் ஒப்பீடுகள் பெரும்பாலும் இங்கேதான் சப்பென்று ஆகிவிடுகின்றன. முதல் பாதியில் ஒன்று, மறுபாதியில் இன்னொன்று, கடைசிப் பத்தியில் 'இரண்டும் தேவை'. ஒரு கோட்பாடு தோற்றுப்போக இடம் கொடுக்கும் படங்களை எடுத்தால்தான் அதன் பலமும் பலவீனமும் வெளியே வரும். ஆகவே வேலையில் பாதி, படத்தேர்வு.

ஒன்றை அசையாமல் வைத்து மற்றதை மாற்றுங்கள். ஒரு தொகுதியில் இயக்குநர் ஒருவர், ஜானர்கள் வேறு வேறு. இன்னொரு தொகுதியில் கதையும் ஜானரும் ஒன்று, இயக்குநர்கள் வேறு வேறு. இரண்டாவது தொகுதியில் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. மலையாளப் படத்தைச் சப்டைட்டில் இல்லாமல் பார்க்கிறவர்கள் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு.

கோட்பாட்டில் தெரிந்திருக்க வேண்டியது கொஞ்சம்தான். 1954 ஜனவரியில் 'கய்யே து சினிமா' என்ற பிரெஞ்சு சினிமா இதழில் பிரான்சுவா த்ரூஃபோ, நாவல்களைத் திரைக்கதையாக்கும் எழுத்தாளர்களின் பிடியில் இருந்த பிரெஞ்சு சினிமாவைச் சாடி, இயக்குநரைப் படத்தின் படைப்பாளியாக முன்னிறுத்தினார். அமெரிக்காவில் விமர்சகர் ஆண்ட்ரூ சாரிஸ் 1962இல் இதை மூன்று வட்டங்களாக்கினார்: தொழில் தேர்ச்சி, அடையாளம் காணத்தக்க பாணி, உள்ளர்த்தம். மூன்றாவது வட்டம், இயக்குநரின் ஆளுமைக்கும் அவர் கையில் கிடைத்த கதைக்கும் நடக்கும் இழுபறியில் பிறக்கிறது என்றார். மறு வருடமே இன்னொரு விமர்சகர் பாலின் கேல் திருப்பி அடித்தார்: ஒரு மணத்தைச் சட்டென்று அடையாளம் காண முடிகிறது என்பதாலேயே அது நல்ல மணமாகிவிடுமா? அந்தக் கேள்வியைத் தாளின் தலையில் எழுதிவைத்துக்கொள்ளலாம்.

ஜானர் பக்கம் ரிக் ஆல்ட்மன் 1984இல் தந்த பிரிவு ஒன்று போதும். படத்தில் கண்ணுக்கும் காதுக்கும் சிக்கும் பொருட்கள் ஒரு பட்டியல். அவற்றுக்கு இடையே உள்ள உறவுகள் இன்னொரு பட்டியல். பூட்டிய அறை, சாவி, ஓவியம், சலங்கைச் சத்தம் முதல் பட்டியலில் வரும். 'வெளியிலிருந்து வந்தவள் பூட்டைத் திறக்கிறாள், வீட்டார் தடுக்கிறார்கள்' என்பது இரண்டாவதில். இரண்டையும் கலந்து எழுதினால் எல்லாப் பேய்ப்படமும் ஒன்றுபோலத் தெரியும்.

குறிப்பெடுப்பது

ஒவ்வொரு படத்தையும் இரண்டு முறை பார்க்க வேண்டும். முதல் முறை நிறுத்தாமல், இடைவேளை எங்கே விழுகிறது என்பதை மட்டும் குறித்துக்கொண்டு. இரண்டாம் முறை நோட்டுடன். ஐந்து கட்டங்கள் போடுங்கள்: நேரம், இடம், யாருக்கு என்ன தெரியும், ஜானர் கேட்பது என்ன, மிச்சம் என்ன. கடைசிக் கட்டம்தான் முக்கியம். கதை நகர அவசியமில்லாத, அந்த வகைப் படமும் கேட்காத எதுவும் 'மிச்சம்'. ஆட்டர் வாசிப்புக்கு மூலப்பொருள் அங்கேதான் சேரும்.

ஷாட் (ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடையிலான துண்டு) எண்ணுவதென்றால் முழுப்படத்தையும் எண்ண வேண்டாம். எல்லாப் படத்திலும் ஒரே வேலையைச் செய்யும் காட்சியாகப் பார்த்து (அறைக்கதவு திறக்கும் இடம் என்று வையுங்கள்) ஐந்து நிமிடம் எடுங்கள். 300 விநாடியில் 60 ஷாட் இருந்தால் சராசரி 5 விநாடி. 1993 படத்தையும் 2005 படத்தையும் வைத்து 'இவர் வேகமாக வெட்டுகிறார்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இடையில் படத்தொகுப்பே பொதுவாக வேகம் பிடித்துவிட்டது. அதே வருடத்துப் படம் இன்னொன்றையும் எண்ணிப் பார்த்த பிறகுதான் அது இயக்குநர் கணக்கில் வரும்.

பிரதி விஷயத்திலும் ஏமாறக்கூடாது. டிவியில் வருவதில் பாட்டு போயிருக்கும், பக்கவாட்டில் சட்டகம் வெட்டுப்பட்டிருக்கும். சட்டகம் வெட்டுப்பட்ட பிரதியில் 'குளோசப்பை அதிகம் நம்புகிறார்' என்று எழுதினால் அது டிவிக்காரரின் பாணி. ஓடும் நேரத்தைத் தணிக்கைச் சான்றிதழில் உள்ள நீளத்தோடு ஒப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

இயக்குநர் ஒருவர், ஜானர் இரண்டு

பாரதிராஜாவின் '16 வயதினிலே' (1977), 'சிகப்பு ரோஜாக்கள்' (1978). ஒன்று கிராமத்துப் படம், மற்றது நகரத்துத் திகில். கமல்ஹாசன், ஸ்ரீதேவி இரண்டிலும். இளையராஜா இசை, பி. எஸ். நிவாஸ் ஒளிப்பதிவு இரண்டிலும். வசனம் மட்டும் முன்னதில் கலைமணி, பின்னதில் கே. பாக்யராஜ். இவ்வளவு சுத்தமாக ஜானர் மட்டும் மாறும் ஜோடி எளிதில் கிடைக்காது.

பொருட்பட்டியல் இரண்டிலும் ஒட்டவே ஒட்டாது. உறவுப் பட்டியலைப் போட்டால் ஒற்றுமை தலைகாட்டும். நாகரிகமான ஆண் ஒருவனை நம்பும் பெண், அந்த நம்பிக்கையின் விலை, முடிவில் சிறைக்குப் போன நாயகன், அப்போதும் அறுபடாத அவர்கள் இருவரின் தொடர்பு. சந்தோஷப்பட்டு நிறுத்திவிடாதீர்கள், இரண்டு படத்தில் வருவது தற்செயலாகவும் இருக்கலாம். மூன்றாவது படம் வேண்டும். அதுவும் முக்கியமான கூட்டாளி ஒருவர் மாறிய படமாக. 'டிக் டிக் டிக்' (1981) அதற்குத் தோது: திரும்பவும் நகரம், திகில், கமல். ஒளிப்பதிவு பி. கண்ணன். அங்கேயும் நிற்பது எதுவோ அதை மட்டும் பாரதிராஜா பெயரில் எழுதலாம்.

இதைக் கூட்டாளிச் சோதனை என்று வைத்துக்கொள்வோம். மகேந்திரன் இயக்கிய இரண்டு படங்கள்: 'முள்ளும் மலரும்' (1978) ஒளிப்பதிவு பாலு மகேந்திரா, 'உதிரிப்பூக்கள்' (1979) அசோக்குமார். முதல் படத்தின் வெளிச்சத்தை மெச்சி மகேந்திரனுக்கு மாலை போட்டால் அடுத்த படத்தில் மாட்டிக்கொள்வோம்.

கதை ஒன்று, இயக்குநர்கள் மூவர்

'மணிச்சித்ரதாழ்' (1993), மலையாளம், இயக்கம் ஃபாசில், எழுத்து மது முட்டம். 'ஆப்தமித்ரா' (2004), கன்னடம், பி. வாசு. 'சந்திரமுகி' (2005), தமிழ், அதே பி. வாசு. 'பூல் புலையா' (2007), இந்தி, பிரியதர்ஷன். நேரம் குறைவென்றால் மலையாளமும் தமிழும் போதும். மற்ற இரண்டும் சந்தேகம் தீர்க்க.

முதலில் நான்கிலும் மாறாததை எடுத்து ஓரமாக வையுங்கள். பழைய மாளிகை, திறக்கக்கூடாத அறை, கணவனோடு வந்த மருமகள், பேய் என்னும் வீட்டார், நோய் என்னும் மருத்துவர். இதில் நுட்பமான ஒன்று உண்டு. அறைக்குள் இருக்கும் நாட்டியக்காரி எந்தப் படத்திலும் வீட்டு மொழி பேசுவதில்லை. மலையாளத்தில் அவள் நாகவல்லி என்னும் தஞ்சாவூர்த் தமிழச்சி, கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்குக்காரி, இந்தியில் வங்காளி. மூன்று இயக்குநர்கள் கைமாறியும் நிற்கிறதென்றால் இது யாருடைய கையெழுத்தும் இல்லை, கதையின் எலும்பு. பேய்ப்படம் என்னும் ஜானருக்கு அந்நியக் குரல் ஒன்று தேவைப்படுகிறது.

குமரி மாவட்டப் பார்வையாளரிடம் இந்த எலும்பு கொஞ்சம் விலகி நிற்கும். வீட்டில் தமிழ் பேசிவிட்டுத் தியேட்டரில் மலையாளப் படம் பார்ப்பவருக்கு, நாகவல்லி வாய் திறக்கும்போது கேட்பது சொந்த மொழி. கள்ளியங்காட்டு நீலியை வில்லுப்பாட்டில் கேட்டு வளர்ந்தவருக்கோ, அநியாயமாகச் செத்த பெண் பழிவாங்க வருவது அதிர்ச்சியும் இல்லை, அவள் எதிரியும் இல்லை. ஜானர் என்பதில் பார்ப்பவரின் முன்னறிவும் சேர்த்தி. பட்டியல் போடும்போது 'இதை எதிர்பார்ப்பவர் யார்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும், கட்டுரைக்குச் சரக்கு கிடைக்கும்.

அடுத்து மாறியவை. 1993 படத்தில் மோகன்லாலின் டாக்டர் சன்னி, கதை வெகுதூரம் போன பிறகே வருகிறார். 2005 படத்தில் ரஜினிகாந்த் தொடக்கத்திலேயே சண்டையும் பாட்டுமாக வருகிறார். 'ஃபாசில் நிதானமானவர், வாசு மசாலாக்காரர்' என்று எழுதக் கை துறுதுறுக்கும். அதற்கு முன் ஒரு குறுக்குச் சோதனை. வேறு இயக்குநர்களின் ரஜினி படங்களை எடுங்கள்: 'பாட்ஷா' (1995, சுரேஷ் கிருஷ்ணா), 'படையப்பா' (1999, கே. எஸ். ரவிக்குமார்). அறிமுகப் பாட்டு இரண்டிலும் இருக்கிறது. அப்படியானால் அது வாசுவின் பாணி ஆகாது, 'ரஜினி படம்' என்னும் ஜானரின் உறுப்பு. தமிழில் நட்சத்திரத்தை ஒரு ஜானராக எண்ணாமல் செய்யும் எந்த ஒப்பீடும் இயக்குநருக்கு இல்லாத புகழையோ பழியையோ ஏற்றிவிடும். ஹாலிவுட்டை வைத்து எழுதப்பட்ட பாடநூல்கள் இதற்கு அவ்வளவாக உதவாது.

ஃபாசிலுக்கு வருவோம். பேய்ப்படத்தை மட்டும் பார்த்தால் அவர் யாரென்றே பிடிபடாது. 'நோக்கெத்தா தூரத்து கண்ணும் நட்டு' (1984) எடுத்துப் பாருங்கள், அல்லது அவரே தமிழில் திரும்ப எடுத்த 'பூவே பூச்சூடவா' (1985). தனிமையில் இறுகிப்போன பாட்டியின் வீட்டுக்கு, நோயை மறைத்துக்கொண்டு பேத்தி வருகிறாள். 'என்றெ மாமாட்டிக்குட்டியம்மய்க்கு' (1983) படத்தில் குழந்தையை இழந்த தம்பதியின் வீட்டுக்கு இன்னொரு குழந்தை வருகிறது. இந்த இரண்டையும் பார்த்துவிட்டு மணிச்சித்ரதாழுக்குத் திரும்பினால், மிச்சக் கட்டத்தில் ஏற்கெனவே எழுதிவைத்த ஒன்று எழுந்து நிற்கும்: பெற்றோர் கல்கத்தாவில் இருக்க, பாட்டியிடம் வளர்ந்த மருமகள் கங்காவின் சிறுவயது. ஜானர் கணக்கில் அது நோய்க்கான காரணம், இரண்டு நிமிட விளக்கம். ஃபாசில் கணக்கில் படமே அதுதான்: துக்கம் பூட்டிய வீடு, உள்ளே நுழையும் புதியவள். சாரிஸ் சொன்ன இழுபறி இதைத்தான் குறிக்கிறது. ஆனால் கதை மது முட்டத்துடையது. அவர் பங்கைக் கழிக்காமல் முழு மதிப்பெண்ணையும் ஃபாசிலுக்குப் போடக்கூடாது.

ஆட்டர்வாதிகளுக்கு இந்தப் படத்தில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. பிரியதர்ஷன், சிபி மலையில், சித்திக், லால் ஆகியோர் இதில் இரண்டாம் யூனிட் இயக்குநர்களாக (சில காட்சிகளைத் தனிக்குழுவோடு எடுப்பவர்களாக) வேலை செய்தார்கள். அதில் ஒருவர் பதினான்கு வருடம் கழித்து அதே கதையை இந்தியில் எடுத்தார். ஒரு ஷாட் ஃபாசிலுடையதா இன்னொருவருடையதா என்று திரையைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. ஆகவே இந்தப் படத்தில் தனி ஷாட்டை ஆதாரமாக வைக்காதீர்கள். கதை அடுக்கு, யாருக்கு எப்போது என்ன தெரிய வருகிறது என்பது போன்ற முழுப்படத் தீர்மானங்களை வையுங்கள்.

படத்தின் ஒரு பகுதி நம் பத்மநாபபுரம் அரண்மனையில் எடுக்கப்பட்டது, மற்றொரு பகுதி திருப்பூணித்துறை ஹில் பேலஸில். தக்கலை போகிறவர்கள் ஒரு நடை பார்த்துவரலாம் (திங்கள் விடுமுறை). மர உத்தரமும் தாழ்ந்த வாசல்நிலையும் குறுகிய வெளிச்சமும் கேமராவை எங்கே நிற்க விடும், எங்கே விடாது என்று பாருங்கள். 'இருளை விரும்பும் இயக்குநர்' என்று எழுதியதில் பாதி, அந்தக் கட்டடத்தைக் கட்டிய தச்சருக்குப் போகும்.

எழுதும்போது

ஜானர் கோட்பாட்டின் பழைய சிக்கல் ஒன்று: பேய்ப்படம் என்றால் என்ன என்று சொல்லப் பேய்ப்படங்களைப் பார்க்க வேண்டும். எவை பேய்ப்படங்கள் என்று தேர்ந்தெடுக்கவோ முன்பே விளக்கம் வேண்டும். இந்தச் சுழலிலிருந்து வெளியேற, படம் வந்தபோது அதை எப்படி விற்றார்கள் என்று தொடங்குங்கள். சுவரொட்டி, நாளிதழ் விளம்பரம், பாட்டு கேசட் அட்டை. பழைய நாளிதழ்க் கட்டுகள் உள்ள நூலகத்தில் வெளியான வாரத்து இதழ்களைப் புரட்டினால் இது கிடைக்கும்.

கோட்பாடுகளுக்கு இரண்டு பத்திக்கு மேல் இடம் கொடுக்க வேண்டாம். இரண்டும் முட்டிக்கொள்ளும் கட்டத்திலிருந்து கட்டுரையைத் தொடங்குவது நல்லது. இந்தத் தொகுதியில் அப்படி ஒன்று மிச்சமிருக்கிறது. கன்னடத்திலும் தமிழிலும் பழைய காலத்து ராஜாவாகவும் நாயக நடிகரே வருகிறார். மலையாளத்தில் அப்படி இல்லை. இரண்டையும் எடுத்தவர் பி. வாசு என்பதால் அவர் கையெழுத்து என்று வாதிடலாம். விஷ்ணுவர்தன், ரஜினிகாந்த் இருவருமே பெரிய நட்சத்திரங்கள் என்பதால் நட்சத்திரப் படத்தின் தேவை என்றும் வாதிடலாம். இரண்டு பேர் ஆளுக்கொரு கட்சி எடுத்து, பெரிய நட்சத்திரம் இல்லாத வாசு படம் ஒன்றையும், வாசு இல்லாத இரட்டை வேடப் படம் ஒன்றையும் பார்த்துவிட்டு வந்து உட்காருங்கள். எந்தக் கட்சிக்காரர் தன் வாதத்தில் ஒரு வரியை அடிக்க நேர்கிறது என்று குறித்துக்கொண்டு, அந்த அடித்த வரியையும் சேர்த்தே எழுதுங்கள்.