பசுமை வரி: நல்ல நோக்கம் எங்கே வழுக்குகிறது?

மரத்தை வேகவைத்துக் காகிதக் கூழ் எடுக்கும் ஆலைகளில் கறுப்பாக ஒரு திரவம் மிஞ்சும். ஆலைகள் அதைப் பல பத்தாண்டுகளாகத் தங்கள் கொதிகலன்களிலேயே எரித்து நீராவியும் மின்சாரமும் எடுத்துக்கொண்டிருந்தன. அது அவர்களுக்கே லாபம், யாரும் தூண்டவேண்டிய தேவை இருக்கவில்லை. இதற்கிடையில், மாற்று எரிபொருளை வழக்கமான எரிபொருளோடு கலந்து பயன்படுத்தினால் கேலனுக்கு 50 சென்ட் வரிச்சலுகை என்று 2005-ல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. வண்டிகளை மனதில் வைத்து எழுதிய சலுகை அது. 2007-ல் அதன் வரம்பை விரித்தார்கள். 2009-ல் பார்த்தால், காகித ஆலைகள் அந்தக் கறுப்புத் திரவத்தில் துளி டீசலைச் சேர்த்து, ‘கலப்பு எரிபொருள்’ என்று கணக்குக் காட்டி, பல நூறு கோடி டாலர் வாங்கியிருந்தன. டீசலே தேவைப்படாத இடத்தில் டீசல் எரிந்தது. எல்லாம் சட்டப்படிதான்.

சுற்றுச்சூழலுக்காக வரி விதிப்பதிலும் சலுகை கொடுப்பதிலும் நடக்கும் தவறுகளில் இதுவே தாய்த்தவறு என்பேன். காற்று எவ்வளவு சுத்தமானது என்று சட்டம் கேட்கவில்லை. கலந்தாயா என்று மட்டும் கேட்டது. கலந்தார்கள். சலுகையை எழுதும் முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது இல்லாவிட்டாலும் நிறுவனம் இதைச் செய்திருக்குமா? ஆம் என்றால் பொதுப்பணம் வீண்.

இயந்திரம் வாங்கினால் சலுகை என்பதும் இதே குடும்பம். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தை வாங்கிய ஆண்டிலேயே முழுத் தேய்மானத்தையும், அதாவது அதன் முழு விலையையும், வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்றால், வாங்குவார்கள். ஆனால் தினமும் ஓட்ட மின்சாரம், ரசாயனம், ஆள் என்று செலவு உண்டே! சலுகை கைக்கு வந்த பிறகு அதை ஓட்டுவதற்கு வரிச்சட்டத்தில் எந்தக் காரணமும் இல்லை. வெளியே போகும் மாசுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று வரி இருந்தால், ஓட்டாத ஒவ்வொரு நாளும் கையைக் கடிக்கும்.

சுவீடன் 1992-ல் இதைத்தான் செய்தது. பெரிய கொதிகலன்கள் வெளிவிடும் நைட்ரஜன் ஆக்சைடு என்ற மாசு வாயுவுக்குக் கிலோவுக்கு 40 குரோனர் கட்டணம். புகைபோக்கியில் மீட்டர் வைத்துத் தொடர்ந்து அளந்தார்கள். வசூலான பணம், நிர்வாகச் செலவு போக, அதே ஆலைகளுக்கு அவை தந்த ஆற்றலின் அளவுப்படி திரும்பிப் போனது. குறைந்த புகையில் அதிக ஆற்றல் தந்த ஆலைக்கு லாபம், மற்றதற்கு நட்டம். பக்கத்து ஆலையைவிடச் சுத்தமாக இருப்பதே வருமானமாகிவிட்டது. எனக்கு மிகப் பிடித்த ஏற்பாடு இது.

மீட்டருக்குச் செலவாகும், அதனால்தான் பெரிய கொதிகலன்களோடு தொடங்கினார்கள். கரியமில வாயுவுக்கு அந்தச் சிக்கல் இல்லை: ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் எவ்வளவு வெளிவரும் என்பது முன்பே தெரியும். எரிபொருள் விற்கும் இடத்திலேயே வரி வாங்கிவிடலாம். எல்லா மாசுக்கும் ஒரே அச்சில் சட்டம் எழுதுவதும் ஒரு தவறுதான்.

அப்புறம் வரி விகிதம். பெயருக்கு ஒரு சிறு தொகை வைத்தால் நிறுவனம் அதைச் செலவுக் கணக்கில் எழுதிவிட்டு வழக்கம்போல் இயங்கும். ஒரே நாளில் ஏற்றினாலோ எதிர்ப்பு கிளம்பும், அடுத்த அரசு நீக்கிவிடும். பிரிட்டன் 1996-ல் நிலத்தில் கொட்டும் குப்பைக்கு டன்னுக்கு 7 பவுண்டு என்று தொடங்கியது. இடையில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியிருந்த அதை, 2008 முதல் ஆண்டுக்கு 8 பவுண்டு வீதம் ஏற்றி 2014-ல் 80 பவுண்டுக்குக் கொண்டுவந்தது. ஏற்றம் முன்கூட்டியே தெரிந்ததால் மறுசுழற்சி ஆலையில் முதலீடு செய்பவர் கணக்குப் போட முடிந்தது. ஆனால் அங்கேயும் ஓர் ஓட்டை: மண், கல் போன்றவற்றுக்கு மிகக் குறைந்த விகிதம். இடைவெளி அகல அகல, சாதாரணக் குப்பையை மண் என்று பொய்யாகக் காட்டும் ஆசையும் வளர்ந்தது. வரியை ஏற்றும்போதே கண்காணிப்புக்கும் ஆள் போடவேண்டும்.

பணம் எங்கே போகிறது என்று சொல்லாமல் விடுவதும் ஆபத்து. பிரான்சில் எரிபொருள் வரி ஏற்றத்துக்கு எதிராக 2018 நவம்பரில் மஞ்சள் அங்கி அணிந்த போராட்டக்காரர்கள் சாலையை மறித்தார்கள். அடுத்த ஜனவரியில் வரவிருந்த ஏற்றத்தை அரசு கைவிட்டது. காரை விட்டால் வேலைக்குப் போக வழியில்லாதவர்களின் கோபத்தை அறியாமை என்று தள்ளக்கூடாது. சுவிட்சர்லாந்து தன் கார்பன் வரி (கரியமில வாயுவுக்கான வரி) வசூலில் பெரும்பகுதியை மக்களுக்கும் நிறுவனங்களுக்கும் திருப்பித் தருகிறது. ஆனால் மக்களுக்கு அது மருத்துவக் காப்பீட்டு பில்லில் ஒரு சிறு தள்ளுபடியாக மட்டும் வருகிறது. அதைக் கவனிக்காதவருக்குப் பணம் திரும்பி வந்ததே தெரியாது.

விலக்குகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெளிநாட்டுப் போட்டியைக் காட்டிக் கனரகத் தொழில்கள் விலக்குக் கேட்கும். அந்தக் கவலை பொய்யில்லை. ஆனால் முடிவுத் தேதி இல்லாத விலக்கை யாரும் பிறகு பிடுங்க முடியாது. சுவீடன் 1993-ல் தொழில்துறைக்குக் கார்பன் வரியைக் குறைத்தது. படிப்படியாக ஏற்றி மற்றவர்களோடு சமமாக்க 2018 வரை ஆனது. எனவே விலக்குத் தரும் அதே பிரிவில், அது எந்த ஆண்டில் எவ்வளவு குறையும் என்ற அட்டவணையையும் சேர்த்து எழுதுங்கள்.