வேலை இழப்புக் கணக்கைப் படிப்பது எப்படி: 2009 டெட்ராய்ட்டை வைத்து ஒரு விளக்கம்

பொருளாதார மந்தநிலையில் ஒரு பெருநகர வட்டாரம் எவ்வளவு அடிவாங்கியது என்று பார்க்க, வேலையின்மை விகிதத்தில் ஆரம்பிக்காதீர்கள். அது வேலை தேடிக்கொண்டிருப்பவர்களை மட்டும்தான் எண்ணும். தேடி அலுத்து விட்டுவிட்டவரும், பிழைப்புக்காகக் குடும்பத்தோடு வெளியூர் போனவரும் அதில் இல்லை, அதனால் ஊர் காலியாகும்போதுகூட விகிதம் இறங்கி, நிலைமை தேறிவிட்டது போலக் காட்டும். அமெரிக்காவின் கார் தொழில் நகரமான டெட்ராய்ட்டில் 2000இல் 9,51,270 பேர் இருந்தார்கள். 2010இல் 7,13,777 பேர்தான்.

முதலில் எடுக்கவேண்டியது, நிறுவனங்களின் சம்பளப் பட்டியலில் எத்தனை வேலைகள் இருக்கின்றன என்ற எண்ணிக்கை. நகரத்துக்கு மட்டும் பார்க்காமல் வெய்ன், ஓக்லாண்ட், மக்கோம்ப் என்று சுற்றியுள்ள கவுண்டிகளையும் (நம் மாவட்டம் போன்ற பிரிவுகள்) சேர்த்துப் பாருங்கள், ஏனென்றால் வீடு ஒரு கவுண்டியிலும் வேலை இன்னொன்றிலும் இருப்பவர்கள் அங்கே ஏராளம். முழுநேர வேலை பகுதிநேரமாகச் சுருங்கினாலும் இந்தக் கணக்கில் அது ஒரு வேலைதான். ஆகவே வாராந்திர வேலை நேரத்தையும் கட்டாயம் பாருங்கள், வீட்டுக்கு வரும் பணம் குறைந்தது அங்கேதான் தெரியும்.

அப்புறம், போன மாதத்தோடு ஒப்பிடாமல் போன வருடத்தின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். கார் ஆலைகளில் புதிய மாடலுக்கு இயந்திரங்களை மாற்ற ஜூலையில் உற்பத்தியை நிறுத்துவது வழக்கம், அப்போது பலர் தற்காலிகமாக வேலையில் இருக்கமாட்டார்கள். பருவகாலத்துக்குச் சரிசெய்த கணக்கு, அதாவது வருடாவருடம் அதே மாதத்தில் வழக்கமாக வரும் ஏற்ற இறக்கத்தைக் கழித்த கணக்கு, இந்தச் சரிவை எதிர்பார்த்தே போடப்படுகிறது. சரிவு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தால், அது ஏற்றமாகத் தெரியும். 2009இல் ஏப்ரல் 30 அன்று கார் நிறுவனங்களில் ஒன்றான கிரைஸ்லரும், ஜூன் 1 அன்று இன்னொன்றான ஜெனரல் மோட்டார்ஸும் திவால் மனு கொடுத்தன, ஆட்கள் ஜூலைக்கு முன்பே வெளியேற்றப்பட்டிருந்தார்கள். ஜூலையில் வழக்கத்தைவிடக் குறைவானவர்களே நிறுத்தப்பட்டதால், நாடு முழுவதற்குமான முதல் கணக்கில் வாகனத் துறை வேலைகள் 28,000 கூடியதாக வந்தது! ஒருவரும் புதிதாகச் சேராமலேயே இப்படி ஓர் ஏற்றம் வரலாம். ஒரு மாத எண்ணை வைத்து ஒரு ஊரின் கதையை எழுதுவது அந்தத் தொழிலாளர்களுக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

முதலில் வரும் எண்கள் சில நிறுவனங்களை மட்டும் கேட்டு எடுக்கும் மாதிரிக் கணக்கெடுப்புதான், வேலையின்மைக் காப்பீட்டுப் பதிவுகளை வைத்து வருடத்துக்கு ஒருமுறை திருத்துவார்கள். திருத்திய வரிசையையே எடுங்கள்.

கடைசியாக, மந்தநிலை முடிந்த தேதியை நம்பி நிறுத்திவிடாதீர்கள். அதிகாரபூர்வமாக அது ஜூன் 2009இல் முடிந்தது. அமெரிக்க வேலையின்மை 10 சதவீதத்தைத் தொட்டதோ அந்த அக்டோபரில். குறைந்தது இரண்டு வருடங்கள் தள்ளிப் போய்ப் பாருங்கள்.