வீட்டு ஸ்டுடியோ: மைக் வாங்குவதற்கு முன் அறையைக் கவனியுங்கள்

வீட்டிலேயே பாட்டு ரெக்கார்ட் பண்ணலாம் என்று இறங்குகிறவர்களில் பலரும் வாரக்கணக்கில் உட்கார்ந்து மைக்குகளை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள், ஆனால் அதை எந்த அறையில் வைக்கப்போகிறோம் என்று யோசிப்பதே இல்லை. நான் பார்த்தவரை புதியவர்கள் செய்யும் பெரிய தவறு இதுதான். மைக்குக்குள் குரல் மட்டும் போவதில்லை. சுவர், தரை, ஜன்னல் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒலியும் சேர்ந்தே பதிவாகிறது. கண்டென்சர் மைக் நுணுக்கமான ஒலியையும் பிடிக்கும் என்பதால் வெற்றுச் சுவர் அறையில் அதை வைத்தால் எதிரொலியும் அதே நுணுக்கத்தோடு விழும், பிறகு குரல் கெடாமல் அதை மட்டும் பிரித்து எடுப்பது ரொம்பக் கஷ்டம். அறையைச் சரிசெய்ய வழியில்லை என்றால் நுணுக்கமான ஒலியை அவ்வளவாகப் பிடிக்காத டைனமிக் மைக்கே மேல், வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பாடுங்கள்.

சரி, அறையைச் சரிசெய்ய என்ன செய்கிறார்கள்? மெல்லிய ஃபோம் வாங்கிச் சுவர் முழுக்க ஒட்டுகிறார்கள், சிலர் முட்டை அட்டையை ஒட்டுகிறார்கள். மெல்லிய ஃபோம் உயர்ந்த அதிர்வெண்களை மட்டுமே உறிஞ்சும், கீழ் அதிர்வெண்கள் அப்படியே அறையில் சுற்றிக்கொண்டிருக்கும், அதனால் குரல் மூடிய பெட்டிக்குள் இருந்து வருவது மாதிரி மந்தமாகிவிடும். முட்டை அட்டையால் சொல்லும்படியான பலன் இல்லை. தெருச் சத்தத்தை இரண்டுமே தடுக்காது, அதற்குக் கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும் வேண்டும். மெத்தை, கனத்த திரை, துணி நிறைந்த திறந்த அலமாரி உள்ள அறையைத் தேர்ந்தெடுங்கள், பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் ஒரு கனத்த போர்வையைத் தொங்கவிடுங்கள். மைக்கின் முகம் பார்ப்பது அந்தப் பக்கம் என்பதால் போர்வை அங்கேதான் அதிகம் உதவும். முன்பக்க ஒலியை அதிகமாகவும் பின்பக்க ஒலியைக் குறைவாகவும் வாங்கும் கார்டியாய்டு மைக்காக இருந்தால் அதன் முதுகு கணினியின் ஃபேன் பக்கம் இருக்கட்டும்.

இன்னொன்று, ஸ்டுடியோவில் பயன்படும் பெரிய கண்டென்சர் மைக்குகளில் பெரும்பாலானவை பக்கவாட்டில்தான் ஒலியை வாங்கும், உச்சியில் வாயை வைத்துப் பாடக் கூடாது. ஒரு சாண் தள்ளி நின்று, நடுவில் பாப் ஃபில்டர் (‘ப’ போன்ற எழுத்துகளில் வாயிலிருந்து வரும் காற்றைத் தடுக்கும் வலை) வையுங்கள். கண்டென்சருக்கு மைக் கேபிள் வழியாகவே போகும் 48 வோல்ட் மின்சாரம், அதாவது ஃபேன்டம் பவர் வேண்டும், இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) அந்த பட்டனை அழுத்தாமல் மைக் கெட்டுப்போனதாக நினைப்பவர்கள் உண்டு.

கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவு) கூட்டி மீட்டரைச் சிவப்பு வரை கொண்டுபோவது பழைய டேப் காலத்துப் பழக்கம், இரைச்சல் மிகக் குறைவான 24 பிட் டிஜிட்டல் பதிவில் அதற்குத் தேவையே இல்லை. உரக்கப் பாடும் இடத்தில்கூட மைனஸ் 10 டெசிபல் பக்கம் நின்றால் தாராளம், பிறகு கூட்டிக்கொள்ளலாம். டிஜிட்டல் பதிவின் உச்ச வரம்பான 0-ஐத் தாண்டி வெட்டுப்பட்ட ஒலி முழுசாகத் திரும்பி வராது. ஒத்திகையைவிட உண்மையான டேக்கில் எல்லோரும் உரக்கத்தான் பாடுவார்கள், அதையும் கணக்கில் வைத்து கெயினை அமையுங்கள்.

அப்புறம் லேட்டன்சி. பாடினால் ஹெட்போனில் குரல் தாமதமாகக் கேட்கிறது, தாளம் தடுமாறுகிறது, உடனே புதுக் கணினி வாங்க யோசிக்கிறார்கள். பல நேரம் பஃபரை (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்து எடுக்கும் சாம்பிள்கள், அதாவது ஒலித் துணுக்குகளின் எண்ணிக்கை) குறைத்தாலே போதும்: 48 கிலோஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் என்றால் ஒரு வழிக்கே சுமார் 21 மில்லிசெகண்ட், 128 என்றால் 3-க்கும் குறைவு. விண்டோஸில் இன்டர்ஃபேஸ் தயாரிப்பாளர் தரும், தாமதத்தைக் குறைக்கும் ஏஎஸ்ஐஓ டிரைவரைப் போடாமல் இதை முயன்று பிரயோஜனமில்லை. டைரக்ட் மானிட்டர் வசதி இருந்தால் இன்னும் நல்லது, குரல் கணினிக்குள் போய்ச் சுற்றி வராமல் நேராகவே காதுக்கு வரும். மிக்ஸிங்குக்கு வந்ததும் பஃபரை மறுபடி கூட்டிவிடுங்கள், இல்லையென்றால் பிளகின்கள் (ஒலியை மாற்றும் துணை மென்பொருள்கள்) அதிகமாகும்போது ஒலி வெட்டி வெட்டி வரும்.

ஸ்பீக்கரில் இசையை ஓடவிட்டுக்கொண்டே பாடாதீர்கள், மூடிய வகை ஹெட்போன் போடுங்கள். பிளகின் சேர்ப்பதைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம், ரெக்கார்டிங் மென்பொருளோடு வரும் ஈக்யூவும் (அதிர்வெண்களைக் கூட்டிக் குறைப்பது) கம்ப்ரஸரும் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது) ஆரம்பத்துக்குப் போதும்.

பேக்கப் எடுக்கும்போது ப்ராஜெக்ட் ஃபைலை மட்டும் நகலெடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் நிறையப் பேர். பல மென்பொருள்களில் அந்த ஃபைலுக்குள் உங்கள் குரல் இருக்காது, அது தனி ஆடியோ ஃபோல்டரில் இருக்கும். முழு ஃபோல்டரையும் வேறொரு டிரைவுக்கு நகலெடுங்கள், எடுத்த பிறகு அங்கிருந்தே ஒரு தடவை திறந்து எல்லா டிராக்கும் ஓடுகிறதா என்று பாருங்கள்.